செங்கல் தூண் பன்னிரண்டு

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பிளாஸ்டிக் பை என் வீட்டு மேசைக்கு வந்தது. உள்ளே மூன்று கணக்கு நோட்டு, ஒரு மினிட் புத்தகம், பழைய கிராண்ட் (நிலப் பட்டா) ஒன்றின் மங்கிய நகல். கொண்டுவந்தவர் கெடாவில், குவாலா மூடா மாவட்டத்துச் சின்ன எஸ்டேட் டவுன் ஒன்றின் இந்தியர் சங்கச் செயலாளர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். உட்கார்ந்ததும், "அண்ணே, கட்டடம் எங்களுது. ஆனா எங்களுதுன்னு காட்ட ஒரு காகிதமும் இல்ல" என்றார்.

நான் சுங்கைப் பட்டாணியில் முப்பது வருடம் வக்கீல் ஆபீஸ் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து நிலப் பத்திரம் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது இப்படிப் பையோடு வருவார்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பி பாகத் தகராறாக இருக்கும். சங்கக் கட்டடம் என்று வந்தது இது ஒன்றுதான். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். வாரிசுகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

பிரச்சினை ஒழுகுகிற கூரையில் தொடங்கியது. மண்டபத்துத் தகரம் துருப்பிடித்து, மழை வந்தால் மேடைமேல் மூன்று வாளி வைக்கவேண்டிய நிலை. பழுதுபார்க்க உதவி கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். விண்ணப்பத்தோடு கிராண்ட் நகல் வேண்டும் என்றார்கள். தேடி எடுத்துப் பார்த்தால் அதில் சங்கத்தின் பெயரே இல்லை. மூன்று ஆட்களின் பெயர், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மூவரும் காலமாகி வருடக்கணக்காகிறது.

இது எப்படி ஆனது என்று தெரியவேண்டும் என்றால் நோட்டுகளைப் படித்தாகவேண்டும். இரண்டு வாரம் படித்தேன். கட்டடத்துக் கதையைத் தேடிப் போனவனுக்கு முதலில் கிடைத்தது சாவுக் கணக்கு.

சாவுக் கணக்கு

முதல் நோட்டு நீளவாக்கில், சிவப்புத் துணி முதுகு ஒட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம்: இறந்தவர், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), வசூல், கொடுத்தது. ஓரத்தில் பென்சிலில் சின்ன எழுத்தில் வேறொரு கணக்கு ஓடுகிறது. 'அண்டா 2, வந்தது 1.' 'பெஞ்சு 6, சரி.' 'பெட்ரோமாக்ஸ் கண்ணாடி உடைந்தது.' சாவு வீட்டுக்குப் போன சாமான் திரும்பி வந்ததா என்ற கணக்கு அது. வசூலை எழுதிய கை அவசரமான கை. அண்டா கணக்கை எழுதிய கை நிதானமானது. இரண்டும் வேறு ஆட்கள் என்று நினைக்கிறேன்.

சங்கம் பிறந்தது இதற்காகத்தான். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆளுக்கு இத்தனை காசு என்று போடுவார்கள். மாதச் சந்தா கிடையாது. சாவுக்குச் சாவு வசூல். சம்பள நாளில் ஒரு பையன் லயம் லயமாக நோட்டோடு போவான். ஜப்பான்காரன் வருவதற்கு முன் பால்மரம் வெட்டிய ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதுதான் பல வருடம் பேச்சாக இருந்த கணக்கு. ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் இல்லை. அந்தக் கூலியில் சவப்பெட்டிக்கும், பதினாறாம் நாள் கருமாதிக்கும், வந்தவர்களுக்குச் சோற்றுக்கும் ஒரு குடும்பம் தனியாக எங்கே போகும்? கங்காணியிடம் கடன் வாங்கும். அந்தக் கடன் மகன் தலையில் ஏறும். அதைத் தடுக்கத்தான் இந்த நோட்டு.

இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்கள் இதே காரணத்துக்காகத்தான் சகோதரச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். ஆட்ஃபெலோஸ், ஃபாரஸ்டர்ஸ் என்று பெயர். வாராவாரம் சில பென்னி, நோய்வாய்ப்பட்டால் படிக்காசு, செத்தால் அடக்கச் செலவு. அவர்களிடம் சடங்கு இருந்தது, பட்டை இருந்தது, ரகசியக் கைகுலுக்கல் இருந்தது. நம்மவர்களிடம் இருந்தது ஒரு நோட்டும் இரண்டு அண்டாவும்.

1942-க்குப் பிறகு நோட்டில் பக்கங்கள் மாறுகின்றன. பெயர்க் கட்டம் நிறைந்திருக்கிறது. வசூல், கொடுத்தது இரண்டும் வெறுமை. எந்த லயம் என்ற இடத்தில் ஒரே சொல் மேலிருந்து கீழாக வருகிறது: 'சயாம்', 'சயாம்', 'சயாம்'. சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப்போன ஆட்கள். 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவையே சயாமிடம் ஒப்படைத்தது. ஆனால் இந்த நோட்டில் சயாம் என்றால் ஒரு பொருள்தான். நான் அந்தப் பக்கங்களில் பெயர்களை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

போர் முடிந்து கூடிய முதல் கூட்டத்தின் குறிப்பு மினிட் புத்தகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு விவாதம். திரும்பி வராதவன் செத்தவனா? செத்தவன் என்றால் மரண சகாயம் கொடுக்கவேண்டும். ஆனால் கொடுத்தால் அவன் செத்துவிட்டான் என்று சங்கமே சொன்னதாகிவிடும். ஒரு பெண் எழுந்து பேசியதாகக் குறிப்பு சொல்கிறது. பெயர் எழுதவில்லை, 'ஒரு அம்மாள்' என்று மட்டும் இருக்கிறது. 'பணம் வேண்டாம், பெயரை அடிக்க வேண்டாம்' என்றாராம். வருகிற பொங்கலுக்குள் வராதவர்களுக்குச் சகாயம் கொடுப்பது, பெயரை மட்டும் உறுப்பினர் பட்டியலிலேயே விட்டுவைப்பது என்று முடிவானது. சட்டத்துக்கும் கணக்குக்கும் பொருந்தாத முடிவு. முப்பது வருடத்தில் நான் படித்த எந்தக் கம்பெனித் தீர்மானத்தையும் விட நல்ல தீர்மானம்.

கிளப்பும் லாட்ஜும்

சரி, சாவுக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மண்டபம் எதற்கு?

தோட்டத்தில் கூரை உள்ள இடங்கள் யாருக்கு எப்படி என்று பார்த்தால் இது புரியும். துரைமாருக்கு டவுனுக்கு வெளியே மேட்டில் கிளப். பில்லியர்ட்ஸ் மேசை, பார், டென்னிஸ் கோர்ட். வெள்ளைக்காரர் தவிர யாரும் உறுப்பினர் ஆக முடியாது. கிராணிமாருக்குத் தனி கிளப். அங்கே மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும்தான் பெரும்பாலும். பால்மரம் வெட்டுகிறவனுக்குக் கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டாய், கள்ளுக்கடை. மூன்றும் தோட்டத்து நிலத்தில், நிர்வாகத்தின் தயவில். கள்ளுக்கடை லாபத்தையே தொழிலாளர் நலனுக்கு என்று திருப்பிவிடுகிற ஏற்பாடும் இருந்தது. குடித்தால்தான் பந்தும் வலையும் வரும்.

துரைமாரில் சிலர் லாட்ஜிலும் இருந்தார்கள். நமக்கு லாட்ஜ் என்றால் ரூம் எடுத்துத் தங்குகிற இடம். அவர்களுக்கு அது ஃப்ரீமேசன் சகோதரச் சபை. பினாங்கில் 1809-லேயே 'நெப்டியூன்' என்று ஒரு லாட்ஜ் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் 1845-இல் 'ஸெட்லண்ட்', கோலாலம்பூரில் 1889-இல் 'ரீட்'. டின்னும் ரப்பரும் போன வழியிலேயே லாட்ஜும் போனது. கதவைச் சாத்திக்கொண்டு ஏப்ரன் கட்டிச் சடங்கு செய்வார்கள், இறந்த சகோதரனின் விதவைக்கும் பிள்ளைக்கும் தர்ம நிதி வைத்திருப்பார்கள். அடிப்படையில் பார்த்தால் அதுவும் சாவுக் கணக்குதான்.

அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. லாட்ஜின் தலைவர் பதவி பொதுவாக ஒரு வருடம்தான். அடுத்த வருடம் வேறு ஆள் அந்த நாற்காலியில் உட்காருவார், பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். நம் சங்கங்களில் ஒருவர் தலைவரானால் அவர் மாலையோடு போட்டோவில் தொங்கும்வரை தலைவர். இந்தச் சங்கத்தின் இரண்டாவது தலைவர் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

இந்தச் சங்கத்தில் மிஞ்சியிருக்கிற மிக மூத்த உறுப்பினர் ஒருவரைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்குகிறார், தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் மகளோடு இருக்கிறார். சின்ன வயதில் துரை கிளப்பில் டென்னிஸ் பந்து பொறுக்கியவர்.

"ஒரு சாயந்திரத்துக்குப் பத்துக் காசு தம்பி. மழை வந்தா துரைங்க உள்ளே ஓடிருவாங்க. நாங்க மரத்தடியில நிப்போம். படியில ஏறக் கூடாது."

"மண்டபம் கட்டணும்னு யாருங்க ஐயா முதல்ல சொன்னது?"

"யாரு சொன்னாங்கறது எனக்குத் தெரியாது. ஆனா படி வைக்கணும்னு சொன்னவரு எங்கப்பா. அந்தக் கிளப்புக்கு எத்தன படியோ அதவிட ஒரு படி கூட."

மண்டபத்துக்கு ஐந்து படி. மேட்டு கிளப்பை இடித்து எண்ணெய்ப்பனை நட்டாயிற்று, அதற்கு எத்தனை படி இருந்தது என்று இனிச் சரிபார்க்க வழியில்லை.

ரோஷம் ஒரு காரணம். இன்னொன்று நிலம். தோட்டத்தில் எதைக் கட்டினாலும் அது நிர்வாகத்தின் நிலம். வேலை போனால் வீடும் போகும், கூட்டம் போடும் இடமும் போகும். 1946, 47-இல் இந்த வட்டாரம் அதைக் கண்ணால் பார்த்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. 1947-இல் போலீஸ் தடியடியில் ஒரு தொழிலாளி உயிர் போனது. அந்தக் காலத்துப் பக்கங்களில் மினிட் புத்தகம் ரொம்ப அடக்கமாக எழுதுகிறது. 'கள் குடிப்போருக்குச் சகாயம் நிறுத்துவது பற்றிப் பேசப்பட்டது. முடிவு இல்லை.' பேசியவர்களில் பாதிப் பேர் மறியலுக்குப் போனவர்கள், மீதிப் பேர் குடித்தவர்கள், இரண்டு பக்கமும் ஒரே சிலர் இருந்தார்கள் என்று மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

1948-இல் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது. லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி போட்டார்கள், இரவில் ஊரடங்கு. நான்கு பேர் கூடினால் கேள்வி. 1949-இல் சங்கங்களுக்கான சட்டம் வந்து, பதியாமல் சங்கம் நடத்துவது குற்றமானது. சாவு மட்டும் நிற்கவில்லை. தோட்டத்துக்குள் கூட முடியாது என்று ஆன பிறகுதான் டவுனில் சொந்த இடம் என்ற பேச்சு வலுத்தது.

இப்போதைக்கு

டவுனில் ஒரு செட்டியார் கிட்டங்கி (வட்டிக்கடை) இருந்தது. ஊர் திரும்புகிற யோசனையில் இருந்த அந்தச் செட்டியார் கடைத்தெருவுக்குப் பின்னால் கால் ஏக்கர் மனையைத் தவணையில் கொடுக்கச் சம்மதித்தார். வசூல் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் முளைக்கிறது: 'நிலம்'. சாவுக்கு ஒரு காசு என்றால் நிலத்துக்கும் ஒரு காசு. மெர்டேகாவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு, சற்று முன்பே பணம் கட்டி முடிந்தது.

கிராண்டை யார் பெயரில் எழுதுவது? மினிட் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நான் பல முறை படித்துவிட்டேன். சங்கத்தின் பதிவுக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை, செட்டியாருக்குக் கப்பலுக்கு நாளாகிவிட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேர் பெயரில் எழுதுவது என்று முடிவு. அந்த வாக்கியம் இப்படித் தொடங்குகிறது: 'இப்போதைக்கு.'

அந்த 'இப்போதைக்கு' அறுபது வருடத்துக்கு மேல் நீண்டது. மூன்று பேரையும் 'டிரஸ்டி' என்று குறிப்பிட்டு எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. எழுதிக் கொடுத்தவர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார். அதனால் காகிதத்தில் பார்த்தால் மூன்று தனி ஆட்கள் சேர்ந்து வாங்கிய மனை அது. அவர்கள் கண்ணை மூடினால் பங்கு வாரிசுக்குப் போகும்.

எண்ணம் கெட்டு யாரும் இதைச் செய்யவில்லை. அந்தப் பொருளாளர் தன் வீட்டுக்கு ஒரு மேசை வாங்கியபோதுகூட மண்டபத்து மேசையோடு கலந்துவிடக் கூடாது என்று அதன் காலில் பெயர் வெட்டி வைத்தவர். மேசைக் காலில் வெட்டிய அந்தப் பெயரை நான் பார்த்தேன்.

1966 சங்கச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஒரு எளிய வழியைத் திறந்துவிட்டிருந்தது. நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதியலாம். பத்திரங்களில் பொறுப்பில் உள்ள மூன்று பேர் கையெழுத்திட்டு, அவர்களின் நியமனத்தைப் பதிவிலாகா உறுதிப்படுத்தினால் போதும். அப்போது மூவரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு நாள் வேலை. செய்யவில்லை. இருபது வருடத் தலைவர் இருக்கும்வரை அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் பெயரில் இருப்பது சங்கத்தின் பெயரில் இருப்பது போலத்தானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மண்டபம் சங்கத்தைத் தின்றது

மண்டபம் திறந்த பிறகு பத்து வருடம் நல்ல காலம். இரவு வகுப்பு, தமிழ்ப் பத்திரிகைகள், பொங்கல் விழா, நாடகம். அப்புறம் கல்யாணம். கல்யாணத்துக்கு வாடகை உண்டு. வாடகை வந்ததும் கமிட்டிக் கூட்டங்களின் பேச்சு மாறிவிட்டது. நோட்டையும் மினிட் புத்தகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. பழைய மினிட்டில் பாதிக்கு மேல் சாவு, சகாயம், அண்டா. புதியதில் பெயிண்ட், மின்விசிறி, நாற்காலி, வாடகை பாக்கி, யார் சாவி வைத்திருப்பது. சாவியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம்.

பணம் போட ஆட்களுக்கு வேறு இடங்களும் வந்துவிட்டன. அமைச்சர் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் பணத்திலேயே வாங்குவது என்ற யோசனை. மாதம் பத்து வெள்ளி. முதலில் வாங்கிய தோட்டமே இந்தக் கெடாவில், புக்கிட் சீடிம். இங்கிருந்தும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். சேரத்தான் வேண்டும், தோட்டமே போகும்போது மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கிக்கொண்டிருக்க முடியாது. சேமநிதி 1951-இலிருந்தே இருந்தது. 1969-இல் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேலை விபத்துக்கும் அடக்கச் செலவுக்கும் ஒரு வழி ஏற்பட்டது. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள். 'சங்கம் கொடுக்கிற அம்பது வெள்ளிக்கு ஏன் மாசாமாசம் அலையணும்' என்று இளைஞர்கள் கேட்டதாக மினிட்டிலேயே இருக்கிறது.

மண்டபத்தில் நடந்த கூட்டும் நின்றது. மாதா மாதம் ஆளுக்கு இத்தனை போட்டு ஏலத்தில் எடுக்கிற சீட்டுதான். மலாய்க்காரர்களும் அதைக் 'கூத்து' என்றே சொல்கிறார்கள். 1971-இல் கூட்டு நடத்துவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. அந்த வாரமே பொருளாளர் சங்கத்தில் கூட்டு கிடையாது என்று கரும்பலகையில் எழுதிவிட்டார். வீடுகளில் நடந்திருக்கும், அதைப் பற்றி நோட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்களே குறைந்ததுதான் பெரிய அடி. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது நாடு முழுவதும் ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். உறுப்பினர் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே 'நாகப்பட்டினம்' என்று எழுதியிருக்கிறது, கப்பல் போன துறைமுகத்தின் பெயர். முன்பு சயாம், இப்போது நாகப்பட்டினம். அதற்குப் பிறகு கித்தா என்கிற ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆள் தேவை குறைந்தது. 1981 செப்டம்பர் 7-இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியை மலேசியா வாங்கியது. துரைகள் போனார்கள். தோட்டம் பிறகு துண்டு துண்டாகத் தாமான் ஆனது. லயத்து ஆட்கள் பத்து டவுன்களுக்குச் சிதறினார்கள். சாவுக்குச் சாவு வசூல் என்பது எல்லோரும் ஒரே லயத்தில் இருந்தால்தான் நடக்கும்.

பினாங்குச் சீனக் கொங்சிகளை (குலச் சங்கங்களை) பார்த்தால் வேறு கணக்குத் தெரியும். கூ கொங்சி 1901-இல் தீயில் எரிந்து 1906-இல் மறுபடி எழுந்தது. அதைச் சுற்றிக் கொங்சிக்குச் சொந்தமான வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. வாடகை வரும், கோயிலும் நடக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் போகும். நம் ஆட்கள் மண்டபத்தை மட்டும் கட்டினார்கள், முன்பக்கத்தில் இரண்டு கடை வைக்கவில்லை. மூத்தவரிடம் இதைக் கேட்டேன். "கடை வச்சா வியாபாரமாயிடும்னு பயந்தோம் தம்பி" என்றார்.

செய்தது

முதல் நெருப்பு நில வரி. நகல் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, 6ஏ நோட்டீஸ் போய் மாதம் ஒன்றரை ஆகியிருந்தது. நோட்டீஸ் போன விலாசம் செத்துப்போன பொருளாளரின் பழைய லயம். அந்த லயமே இப்போது கிடையாது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொள்ளலாம். கமிட்டியில் நான்கு பேர் தங்கள் கைப்பணத்தைப் போட்டு மறுநாளே கட்டினார்கள். ரசீதை நான் மூன்று நகல் எடுத்து மூன்று வீட்டில் வைக்கச் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகப்படிதான்.

அடுத்தது சங்கம் உயிரோடு இருக்கிறதா என்பது. ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் போகவேண்டும். பல வருடமாகப் போகவில்லை. பதிவு ரத்தானால் சொத்து திவால் இலாகாவின் கைக்குப் போய்விடும். நல்ல வேளையாக ரத்தாகவில்லை. இப்போது எல்லாம் இணையத்தில், பதிவிலாகாவின் இ-ரோசஸ் தளம் வழியாக. செயலாளருடைய மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள் மூன்று இரவு உட்கார்ந்து ஏற்றினாள். இப்போது கமிட்டியில் அவளும் இருக்கிறாள். இந்தக் கமிட்டியில் பெயர் எழுதப்பட்ட முதல் பெண் அவள்தான், மினிட்டில் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்புறம்தான் வாரிசுகள். இரண்டு குடும்பங்கள் ஒரே வாரத்தில் சம்மதம் கொடுத்தார்கள். மூன்றாவது பங்கு சிரமப்பட்டது. அந்தத் தலைவருடைய பேத்தி வீட்டுக்கு நானும் செயலாளரும் போனோம். மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு கேட்டார்:

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. தாத்தா பேர்ல இருந்தா சட்டப்படி எங்களுக்கும்தானே?"

"காகிதத்துல அப்படித்தான்மா இருக்கு" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "யாரு காசுல வாங்கினதுன்னு பாக்கணும்."

வசூல் நோட்டைக் காட்டினேன். 'நிலம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு சம்பள நாளும் வந்த காசு, வரி வரியாக. அவர் தாத்தாவின் பெயருக்கு எதிரிலும் மற்றவர்களுக்கு இருந்த அதே தொகைதான். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து செயலாளருக்கு வாட்ஸ்அப்பில், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டு எழுதினார். தம்பி ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், அவருடைய கையெழுத்துக்கு இன்னும் நான்கு மாதம் ஆனது.

சம்மதங்களையும் நோட்டுகளையும் வைத்து ஒரு வக்கீல் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். அந்த மூவரும் சங்கத்துக்காகத்தான் நிலத்தை வைத்திருந்தார்கள், ஆகவே அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றவேண்டும் என்பது மனு. எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த வசூல் நோட்டு. கடை ரசீது இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ஒரு பையன் பென்சிலால் எழுதிய காசுக் கணக்கு. உத்தரவு கிடைத்தது. கிராண்டில் இப்போது சங்கத்தின் பெயர் இருக்கிறது.

யாராவது எதிர்த்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. ஒரு வாரிசு முரண்டுபிடித்தால் வருடக்கணக்கு, வக்கீல் செலவுக்கே கால் ஏக்கரில் பாதி போகும். இதே மாதிரி சங்கங்கள் வேறு டவுன்களில் இருந்தால், கிராண்டை எடுத்து இன்றே பார்க்கச் சொல்வேன்.

தூண்

பழுது பார்க்க ஒரு காண்ட்ராக்டர் வந்தார். மினிட் புத்தகத்தில் கட்டடத்தின் விவரம் ஒரே வரியில் இருக்கிறது: 'செங்கல் தூண் 12, தகரக் கூரை, சிமெண்ட் தரை.' செங்கல் தூண் என்றால் அறுபது வருடத்தில் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது, உடைத்துக் கம்பி போட்டுக் கட்டவேண்டும் என்று சொல்லி, கூரையை விடப் பெரிய தொகையைத் தூணுக்கு எழுதிக் கொடுத்தார். கமிட்டி வாயடைத்துப்போய்விட்டது.

கூட்டத்தில் மூத்தவரும் இருந்தார். மகள் காரில் கூட்டிவந்திருந்தாள். "எந்தச் செங்கல்? கல்லு இல்லப்பா, மரம்" என்றார். யாருக்கும் விளங்கவில்லை. கைத்தடியால் தூணின் அடியில் தட்டச் சொன்னார். செயலாளர் ஒரு பழைய கத்தியால் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டினார். உள்ளே கறுப்புப் பழுப்பில் மரம். மலாய்க்காரர் செங்கல் என்று சொல்கிற காட்டு மரம், கரையான் தொடாது, தண்ணீரில் கிடந்தாலும் அழுகாது. அந்தக் காலத்தில் மினிட் எழுதியவர் மலாய்ச் சொல்லைத் தமிழில் அப்படியே எழுதிவிட்டார். இரண்டு தலைமுறை அதைக் கல் என்று படித்தது. பூசி வெள்ளையடித்திருந்ததால் பார்த்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

பன்னிரண்டையும் தட்டிப் பார்த்தோம். பின்பக்கச் சாக்கடையை ஒட்டிய ஒன்றின் அடியில் மட்டும் கை அகலத்துக்கு உளுத்திருந்தது. காண்ட்ராக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இப்போது இந்த மரம் இந்த அளவில் கிடைப்பது குதிரைக் கொம்பு, தூண்களைக் கொடுத்தால் கூரையை இலவசமாகவே போட்டு, தூணுக்குக் கான்கிரீட்டும் ஊற்றித் தருகிறேன் என்றார். இளைஞர்கள் இரண்டு பேர் கணக்குப் போட்டுப் பார்த்து, நல்ல பேரம் என்றார்கள். ஒரு மணி நேரம் சத்தம். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓட்டெடுப்பில் தூணை விடுவதில்லை என்று ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது.

சரியான முடிவா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. கூரைக்குப் பணம் இன்னும் சேரவில்லை, வாளிகள் மேடையில்தான் இருக்கின்றன. முன்பக்கம் இரண்டு கடை போட விண்ணப்பம் போயிருக்கிறது. சாவுக் கணக்கை மறுபடி தொடங்கலாமா என்று செயலாளரின் மகள் கேட்டாள். வாட்ஸ்அப் குழுவில் தகவல், ஆளுக்குப் பத்து வெள்ளி, அண்டாவும் நாற்காலியும் இலவசம். தாமானில் போன மாதம் நடந்த ஒரு சாவுக்கு அப்படியே செய்தார்கள். எண்ணூற்றுச் சொச்சம் வெள்ளி சேர்ந்தது. அண்டா இரண்டு போனது, இரண்டும் வந்துவிட்டன.

அன்றைய கூட்டக் குறிப்பை அந்தப் பெண்தான் எழுதினாள். நான்காவது பாராவில் இப்படி இருக்கிறது: 'தூண் 12. மரம். ஒன்று பழுது.'